கொதிநீரில் போகும் கால் கிலோ

ஒரு கிலோ கச்சாப் பட்டு நூலைச் சாயம் போடக் கொடுத்தால் திரும்பி வருவது ஏறக்குறைய முக்கால் கிலோதான். மீதிக் கால் கிலோவை யாரும் திருடவில்லை. காஞ்சிபுரத்திலும் ஆரணியிலும் பட்டுத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் இது தெரிந்த விஷயம். பட்டு நூலின் மேல் ஒரு பசை ஒட்டிக்கொண்டிருக்கும். சோப்பும் சோடாவும் போட்ட கொதிநீரில் நூலை அவித்தால் அந்தப் பசை கரைந்துவிடும். அதற்கு அப்புறம்தான் பட்டுக்கு அந்த மினுமினுப்பும் வழவழப்பும் வருகிறது. பசை கரைந்த தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது. அவ்வளவுதான், கதை முடிந்தது.

முடிந்ததா? ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். பட்டு விலை ஏறும், இறங்கும். கணக்குக்காக கிலோ 4,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கால் கிலோவின் விலை 1,000 ரூபாய். ஒவ்வொரு கிலோவுக்கும் ஆயிரம் ரூபாய் கொடுத்து ஒரு பொருளைத் தராசில் நிறுத்து வாங்கி, விறகும் சோப்பும் செலவழித்து அதைக் கரைத்து, வாசலில் கொட்டிவிடுகிறார்கள். "வாங்குகிறவருக்கு இது தெரியாதா? எடை குறையும் என்று தெரிந்துதானே விலை பேசுகிறார்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விலை பேசும்போது அந்த இழப்பு கணக்கில் வந்துவிடுகிறது. ஆனால் கணக்கில் வந்துவிட்டது என்பதற்காக இழப்பு இழப்பில்லாமல் போய்விடாது. தலைமுறை தலைமுறையாகப் பழகிவிட்ட இழப்பு, அதனால் யார் கண்ணிலும் படுவதில்லை.

அந்தப் பசைக்குப் பெயர் செரிசின். பட்டுப்புழு கூடு கட்டும்போது வாயிலிருந்து இரண்டு இழைகளை விடுகிறது. அந்த இழை ஃபைப்ரோயின் என்ற புரதம். இரண்டு இழைகளையும் சேர்த்து ஒட்டி, கூட்டையும் கெட்டியாக்குவது செரிசின் என்ற இன்னொரு புரதம். கூட்டின் ஓட்டில் 70 முதல் 80 சதவீதம் ஃபைப்ரோயின், 20 முதல் 30 சதவீதம் செரிசின். ஃபைப்ரோயின் வெந்நீரில் கரையாது, செரிசின் கரையும். இந்த ஒரு வித்தியாசத்தின் மேல்தான் மொத்தப் பட்டுத் தொழிலும் நிற்கிறது.

பாலிமர் என்றாலே பிளாஸ்டிக் குடமும் கேரி பேக்கும்தான் நினைவுக்கு வரும். சின்னச் சின்ன மூலக்கூறுகள் சங்கிலி மாதிரி கோத்து நின்றால் அது பாலிமர், அவ்வளவுதான். பட்டின் புரதமும் பாலிமர்தான். இறால் ஓட்டிலும் கரப்பான்பூச்சி ஓட்டிலும் இருக்கிற கைட்டினும் பாலிமர்தான். இவற்றுக்குப் பெட்ரோலியம் வேண்டாம். மண்ணில் போட்டால் மக்கிவிடும். அதனால்தான் உலகம் முழுக்க ஆராய்ச்சிக்கூடங்களில் பூச்சிகளைப் பற்றி இவ்வளவு பேச்சு.

பூச்சியை வளர்த்து பாலிமர் எடுப்பது ஏதோ நேற்று கண்டுபிடித்த விஷயம் மாதிரிப் பேசுகிறார்கள். பாண்டவர்களை எரிக்க துரியோதனன் கட்டிய அரக்கு மாளிகை எதனால் ஆனது? அரக்கு என்பது மரக்கிளையில் கூட்டம் கூட்டமாக ஒட்டி வாழும் ஒரு சின்னப் பூச்சி சுரக்கும் பிசின். ஜார்க்கண்டிலும் சத்தீஸ்கரிலும் பழங்குடி விவசாயிகள் இன்றும் பலாச மரத்திலும் இலந்தை மரத்திலும் அந்தப் பூச்சியைக் கட்டி வளர்க்கிறார்கள். அரக்குக்கென்றே ராஞ்சியில் 1924இல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். மாத்திரையின் மேல்பூச்சு, மிட்டாயின் பளபளப்பு, ஆப்பிளின் மினுக்கு என்று அது இன்றும் வயிற்றுக்குள் போய்க்கொண்டுதான் இருக்கிறது. பாக்கெட்டின் பின்பக்கம் ஈ 904 என்று போட்டிருந்தால் அது அரக்குதான்.

ஆனால் அரக்கின் வரலாற்றில் ஒரு பாடம் இருக்கிறது. பழைய கிராமபோன் இசைத்தட்டுகள் அரக்கில் செய்தவை. உலகம் முழுக்கப் பாட்டுக் கேட்டதில் ஜார்க்கண்ட் காட்டு விவசாயிக்கும் ஒரு பங்கு இருந்தது. 1948இல் வினைல் இசைத்தட்டு வந்தது. கொஞ்ச வருடங்களில் அரக்கின் அந்த மார்க்கெட்டே காணாமல் போய்விட்டது. பூச்சி அதே பூச்சி, மரம் அதே மரம், வாங்க ஆள் இல்லை. ஒரே வாடிக்கையாளரை நம்பிப் பிழைக்கிற எந்தச் சரக்குக்கும் இதுதான் கதி. செரிசின் பற்றிக் கனவு காண்கிறவர்கள் முதலில் படிக்க வேண்டியது அரக்கின் கதையைத்தான்.

இன்னொரு பாடம் பிரான்சிலிருந்து வருகிறது. பாலிமர் வேண்டும், புரதம் வேண்டும் என்று புதிதாகப் பூச்சிப் பண்ணை போடுவது சமீப காலத்து மோகம். மாவுப்புழு, கருப்புப் படைவீரன் ஈ போன்றவற்றை வளர்த்து, புரதத்தைக் கால்நடைத் தீவனத்துக்கும், எண்ணெயைத் தனியாகவும், ஓட்டிலிருக்கும் கைட்டினை மூன்றாவது வருமானமாகவும் விற்பது திட்டம். 2011இல் தொடங்கிய இன்செக்ட் என்ற பிரெஞ்சு நிறுவனம் கோடிக்கணக்கான யூரோ முதலீடு திரட்டி, அடுக்கடுக்காக மாவுப்புழு வளர்க்கும் பிரம்மாண்டமான ஆலை கட்டியது. 2024 செப்டம்பரில் அதே நிறுவனம் நீதிமன்றப் பாதுகாப்பு கேட்டு நின்றது. 2025 முடிவதற்குள் கலைக்கும் நிலைக்கே போய்விட்டது.

ஏன்? காரணத்தைப் பி.காம். முதலாண்டு மாணவரே சொல்லிவிடலாம். பூச்சிக்குத் தீனி வேண்டும், சூடு வேண்டும், கரண்ட் வேண்டும். இத்தனை செலவில் வரும் புரதம் மீன் தூளோடும் சோயாப் புண்ணாக்கோடும் விலையில் போட்டி போட வேண்டும். மெயின் சரக்கில் நஷ்டம் என்றால் துணைச் சரக்கு வந்து காப்பாற்றாது.

கைட்டின் விஷயத்தில் இந்தியாவுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. உலகின் பெரிய இறால் ஏற்றுமதி நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஆந்திராவிலும் கேரளாவிலும் தமிழ்நாட்டிலும் இறாலை உரித்து அனுப்பும் கூடங்களில் தலையும் ஓடும் மலை மலையாகச் சேரும். அந்த ஓட்டை அமிலத்தில் போட்டுச் சுண்ணாம்பை நீக்கி, காரத்தில் போட்டுப் புரதத்தை நீக்கினால் கைட்டின். அதையே இன்னும் கடுமையான காரத்தில் சூடாக்கினால் கைட்டோசான். 2000களில் ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அமெரிக்கச் சிப்பாய்களின் காயத்தில் ரத்தத்தை நிறுத்தப் பயன்பட்ட கட்டு இந்தக் கைட்டோசானில் செய்ததுதான். பூச்சி ஓட்டில் சுண்ணாம்பு மிகக் குறைவு என்பதால் அமிலச் செலவு குறையும். அது நல்ல விஷயம்தான். ஆனால் குப்பையாகக் கிடைக்கும் இறால் ஓட்டோடு, தீனி போட்டு வளர்த்த பூச்சி எப்படிப் போட்டி போடும்? கைட்டினுக்காகவே இங்கே பூச்சிப் பண்ணை ஆரம்பிப்பது கடலோரத்தில் உட்கார்ந்து உப்பை இறக்குமதி செய்வது மாதிரி.

பட்டு விஷயம் அப்படி இல்லை. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. பட்டுப்புழுவுக்குத் தீனி ஏற்கெனவே போட்டாகிவிட்டது. மல்பெரித் தோட்டம் இருக்கிறது, புழு வளர்ப்பு மனை இருக்கிறது, தர்மபுரியிலும் ராமநகரத்திலும் கூடு விற்கிற மார்க்கெட் இருக்கிறது. எல்லாச் செலவையும் புடவை ஏற்றுக்கொண்டுவிட்டது. செரிசினுக்குப் பண்ணைச் செலவு பூஜ்யம்!

எவ்வளவு போகிறது என்று பார்க்கலாம். 2023-24இல் இந்தியாவின் கச்சாப் பட்டு உற்பத்தி 38,913 டன். அதில் மல்பெரிப் பட்டு மட்டும் 29,892 டன். நூலில் பசை ஐந்தில் ஒரு பங்குதான் என்று குறைத்தே வைத்தாலும் ஏறக்குறைய 6,000 டன் செரிசின். கூடு வேகவைத்து நூல் இழுக்கும்போதே தண்ணீரில் கரைந்து போவது இதில் சேரவில்லை.

இந்தப் பசையை வைத்து என்ன செய்ய முடியும்? ஈரத்தைப் பிடித்து வைப்பது செரிசினின் குணம். அதனால் முகக் கிரீமிலும் ஷாம்பூவிலும் சேர்க்கிறார்கள். காயத்துக்குப் போடும் கட்டிலும், ஆய்வுக்கூடத்தில் செல் வளர்க்கும் ஊடகத்திலும் பயன்படுத்தி ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன. பசை போன பிறகு மிஞ்சும் ஃபைப்ரோயின் மேலேயும் வேலை நடக்கிறது. அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் 2016இல் ஃபைப்ரோயின் கரைசலில் ஸ்ட்ராபெர்ரியை முக்கி எடுத்து, ஃப்ரிட்ஜ் இல்லாமலே அது பல நாள் வாடாமல் இருப்பதைக் காட்டினார்கள். வாழைப்பழத்திலும் செய்து பார்த்தார்கள். அறுந்துபோன கழிவுப் பட்டு இழையே அதற்குப் போதும், புடவை நூல் தேவையில்லை.

ஜப்பானில் இதைத் தொழிலாகவே செய்து காட்டியிருக்கிறார்கள். ஃபுகுயியில் 1889இல் தொடங்கிய செய்ரென் என்ற நிறுவனத்தின் ஆதித் தொழில் பட்டிலிருந்து பசை நீக்குவது. அந்தப் பெயரே அந்த வேலையைக் குறிக்கும் சொல்தான். இன்று கார் சீட் துணி வரை எத்தனையோ செய்கிறார்கள். பழைய கழிவுநீரையும் அவர்கள் மறக்கவில்லை. செரிசினை எடுத்து அழகுசாதனப் பொருளாக விற்கிறார்கள்.

அப்படியானால் காஞ்சிபுரத்தில் ஏன் நடக்கவில்லை? தொழில் செய்கிறவர்களுக்கு அறிவில்லை என்று சொல்வது சுலபம், அது தப்பும்கூட. நிஜமான தடைகள் மூன்று.

முதலாவது, சோப்பும் சோடாவும். அவை போட்டு அவித்தால் செரிசின் துண்டு துண்டாக உடைந்து சோப்போடு கலந்துவிடும். பிறகு பிரிப்பது பெரிய தலைவலி. சுத்தமான செரிசின் வேண்டுமென்றால் குக்கர் மாதிரி அழுத்தத்தில் வெறும் வெந்நீரிலோ, நொதி போட்டோ பசையை எடுக்க வேண்டும். அப்புறம் சவ்வு வடிகட்டியில் தண்ணீரைக் குறைத்து, காயவைத்துப் பொடியாக்க வேண்டும். இரண்டாவது, சின்னச் சின்னப் பட்டறைகள். தினமும் சில கிலோ நூல் அவிக்கிறவர் தனியாக இதற்கெல்லாம் இயந்திரம் வாங்க முடியாது. மூன்றாவது, வாங்குகிறவர்கள் குறைவு. 6,000 டன்னையும் ஒரே நாளில் மார்க்கெட்டில் இறக்கினால் விலை தரையில் விழும். இன்று கிரீமில் சேர்க்கிற செரிசினுக்குக் கிடைக்கிற விலையை 6,000 டன்னால் பெருக்கிக் கோடிக்கணக்கில் லாபம் காட்டும் பவர்பாயிண்ட் எதையும் நம்பாமல் இருப்பது நல்லது :)

இந்த மூன்று தடைகளும் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. கரும்புச் சக்கையை நினைத்துப் பாருங்கள். ஒரு காலத்தில் சர்க்கரை ஆலைகள் சக்கையைத் தங்கள் பாய்லரில் போட்டு எரித்துக்கொண்டிருந்தன. 1979இல் தமிழ்நாடு அரசு செய்தித்தாள் காகித நிறுவனத்தைத் தொடங்கியது. கரூர் பக்கம் புகளூரில் ஆலை கட்டி, 1984இல் சக்கையிலிருந்து காகிதம் வர ஆரம்பித்தது. "சக்கையைக் கொடுத்துவிட்டால் எங்கள் பாய்லருக்கு எதைப் போடுவது?" என்று சர்க்கரை ஆலைகள் கேட்டிருக்கும் அல்லவா? அதற்கு அந்த நிறுவனம் கண்டுபிடித்த வழி ரொம்ப எளிமையானது. சக்கையைக் கொடு, பதிலுக்கு உனக்கு வேண்டிய நீராவிக்கு நான் ஏற்பாடு செய்கிறேன் என்றது. பணத்துக்குப் பதில் நீராவி! பழைய பண்டமாற்று முறைதான்.

அதே வழி பட்டுக்கும் பொருந்தும். காஞ்சிபுரம், ஆரணி மாதிரி ஊர்களில் நூல் அவிப்பதற்கென்று பொதுக்கூடம் ஒன்று வரட்டும். கூட்டுறவுச் சங்கமோ அரசோ நடத்தட்டும். சாயப்பட்டறைக்காரர் தன் நூலைக் கொண்டுவந்து காசு கொடுக்காமல் அவித்துக்கொண்டு போகலாம். விறகு மிச்சம், சோப்பு மிச்சம், கழிவுநீர்த் தொல்லையும் மிச்சம். பதிலுக்கு பசைத் தண்ணீர் கூடத்துக்குச் சொந்தம். சில கிலோக்கள் ஒன்று சேர்ந்து டன் ஆகும்போதுதான் வடிகட்டி இயந்திரத்தின் செலவு கட்டுப்படியாகும்.

கழிவுநீர்த் தொல்லை என்பது சும்மா வார்த்தைக்குச் சொல்வதில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது ஊர் எப்படித் தவித்தது என்பது தெரியும். அதற்கு அப்புறம்தான் உப்புத் தண்ணீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்துவதைத் தீவிரமாகச் செய்ய ஆரம்பித்தார்கள். நொய்யல் பாழான பிறகு வந்த புத்தி அது. புரதம் கலந்த பட்டுத் தண்ணீர் அழுகும்போது நீரிலுள்ள ஆக்சிஜனைக் குடித்துவிடும். உத்தரவு வருகிற வரை காத்திருக்காமல் முன்பே செய்தால் செலவு பாதி வருமானமாகத் திரும்பும்.

அடுத்த கேள்வி முக்கியமானது. பணம் வந்தால் யாருக்குப் போகும்? வெண்கூடு வளர்க்கும் விவசாயி 6, 7 கிலோ கூடு விற்றால்தான் ஒரு கிலோ நூல் வரும். அவர் கூட்டை விற்றதோடு அவர் கணக்கு முடிந்துவிடுகிறது. செரிசின் நாளை நல்ல விலைக்குப் போனாலும் ஒரு பைசா அவருக்கு வராது. இதற்கும் கரும்பில் முன்னுதாரணம் இருக்கிறது. 2012இல் சி.ரங்கராஜன் குழு, சர்க்கரை மட்டுமல்ல, அதன் முக்கியத் துணைப்பொருட்களின் வருமானத்தையும் சேர்த்து 70 சதவீதத்தை விவசாயிக்குப் பங்காகக் கொடுக்கச் சொன்னது. அந்தக் கணக்கை அப்படியே பட்டுக்கு எடுத்துவர முடியாது. ஆனால் துணைப்பொருளிலும் விளைவித்தவருக்குப் பங்கு உண்டு என்ற கொள்கையை எடுத்துவரலாம். முதல் நாளே எழுதி வைக்காவிட்டால் பிறகு எந்தக் காலத்திலும் கிடைக்காது.

நூல் இழுக்கிறவர்களின் கையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சில்க் புரோட்டீன் சேர்த்த கிரீம் என்று விளம்பரத்தில் ஒரு வழவழப்பான கையைக் காட்டுவார்கள். அந்தப் புரதத்தில் தினமும் கை வைக்கிறவர்களின் கை எப்படி இருக்கும்? வெந்நீரில் ஊறி, தோல் வெந்து, கொப்புளமும் புண்ணுமாக இருக்கும். இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி மனித உரிமை கண்காணிப்பகம் 2003இல் வெளியிட்ட அறிக்கை, குழந்தைகள் கொதிக்கும் தண்ணீரில் கை விட்டுக் கூட்டைத் துழாவியதைப் பதிவு செய்திருக்கிறது. தானியங்கி நூற்பு இயந்திரங்கள் வந்த இடங்களில் நிலைமை மாறியிருக்கிறது. இயந்திரம் வராத இடங்களும் இருக்கின்றன. செரிசினிலிருந்து வருகிற முதல் லாபம் அந்தக் கைகளுக்குப் போக வேண்டும். கையுறையாகவோ, இயந்திரமாகவோ, மருத்துவச் செலவாகவோ.

"ஒரு புடவைக்காக ஆயிரக்கணக்கான புழுக்களைக் கொல்கிறீர்கள், அதிலும் மிச்சம் மீதி வைக்காமல் காசு பார்க்க வேண்டுமா?" என்று ஜீவகாருண்யம் பேசுகிறவர்கள் கேட்பார்கள். பட்டே வேண்டாம் என்று ஒதுக்குகிறவர்களின் நிலை நேர்மையானது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் முகூர்த்தப் புடவைக்குக் கொல்லலாம், கொன்றதில் கால்வாசியைச் சாக்கடையில் விடலாம், அதை எடுத்துப் பயன்படுத்தினால் மட்டும் பாவம் என்பது விசித்திரமான தர்மம். வடகிழக்கு மாநிலங்களில் எரிப் பட்டுப்புழுவின் கூட்டுப்புழுவைச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். கொரியாவில் அது தெருவோரத் தின்பண்டம். எடுத்த உயிரை வீணாக்கக் கூடாது என்பதும் ஒரு வகை மரியாதைதான்.

மத்திய அரசு சில்க் சமக்ரா-2 என்ற பெயரில் 2021-22 முதல் 2025-26 வரையிலான ஐந்தாண்டுக்கு 4,679.86 கோடி ரூபாய்த் திட்டம் போட்டது. மல்பெரி நடுவதிலிருந்து தானியங்கி நூற்பு வரை அதில் உதவி உண்டு. அடுத்து வரும் எந்தத் திட்டத்திலும் பொது அவிப்புக்கூடத்துக்கென்று ஒரு வரி இருக்க வேண்டும். நாடு முழுக்க வேண்டாம், ஒரே ஊரில் ஒரே கூடம், இரண்டு வருடம். கட்டுப்படியாகவில்லை என்றால் மூடிவிடலாம். கட்டுப்படியாகிறதா இல்லையா என்று தெரியாமலே வருடா வருடம் ஊற்றிக்கொண்டிருப்பதைவிட அது மலிவு.

கடைசியாக ஒன்று. பி.காம். மூன்றாம் ஆண்டு ப்ராஜெக்டுக்குத் தலைப்பு கிடைக்கவில்லை என்று "நுகர்வோர் திருப்தி: ஓர் ஆய்வு" என்று பத்தாவது தடவையாக அதே கேள்வித்தாளை ஜெராக்ஸ் எடுக்கிறவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம். ஆரணிக்கு ஒரு பஸ் டிக்கெட் போதும். ஒரு பட்டறையில் நூல் அவிப்பதற்கு முன்னும் பின்னும் எடை என்ன, விறகுச் செலவு என்ன, சோப்புச் செலவு என்ன, எத்தனை லிட்டர் தண்ணீர் வெளியே போகிறது என்று ஒரு மாதம் குறித்துக்கொண்டு வந்தால் போதும். அந்தக் கூடம் கட்டலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய முதலில் தேவைப்படுவது அந்த நாலு எண்கள்தான்.